வழக்கு இல்லாத தெரு

சென்ற மாதம் என் சைக்கிள் காணாமல் போனது. எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பக்கத்திலிருக்கும் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் உடுப்பைக் கழற்றி வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஸ்டேஷன் படியேறும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. ரைட்டர் மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஊரின் வரைபடம் ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். தெருத் தெருவாக வரைந்து, அங்கங்கே சிவப்புத் தலைக் குண்டூசி குத்தியிருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"ஒரு ஊசி ஒரு கேஸுங்க ஐயா. ஊசி இல்லாத இடம் நல்ல இடம். புதுசா குடிவர்றவங்க வந்து கேட்டா, இதைப் பார்த்தே எந்தத் தெருன்னு சொல்லிடலாம்" என்றார்.

சைக்கிளின் அடையாளத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த ரைட்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை எழுதியாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் உட்கார்ந்திருக்கும் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதே பதிலை நானும் ஒரு பெண்ணுக்குச் சொன்னேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மழை பெய்தால் வண்டிச் சக்கரம் புதைந்துபோகும் கரிசல் காட்டில் இருந்த ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் பெரிய வீட்டின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் போலீசில் சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். உயரம் இருந்தது, மார்பளவு இருந்தது, எடுத்தார்கள். பயிற்சியில் கற்றுக்கொண்டது வெயிலில் நிற்பதை. கையெழுத்து மணிமணியாக இருந்ததால் என்னைத் தெருவில் விடாமல் மேஜையில் உட்கார வைத்தார்கள். முப்பது வயதுக்குள் ஏட்டு ஆகி, அந்த ஊர் ஸ்டேஷனுக்கு ரைட்டராக வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் ரைட்டரின் வேலை புத்தகங்களோடு. அதில் இரண்டைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒன்று, தினசரி டைரி. அதில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்திருக்கும், ஒரு தாளைக் கிழிக்க முடியாது. கார்பன் வைத்து எழுதி, அடிப்பிரதியைத் தினமும் மேலே அனுப்ப வேண்டும். காலையில் காவல் மாறியது முதல் ஸ்டேஷனுக்குள் நடந்தது எல்லாம் மணிப்படி அதில் ஏற வேண்டும். இன்னொன்று, குற்றப் பதிவேடு. எந்தத் தெருவில் எந்தத் தேதியில் என்ன வழக்கு என்று பல வருஷத்துக் கதை அதில் இருக்கும். ஊருக்கு மாற்றலாகி வருகிற போஸ்ட் மாஸ்டர், கம்பவுண்டர், ரெவின்யூ குமாஸ்தா எல்லாரும் வீடு பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். நான் பதிவேட்டைப் புரட்டி, இந்தத் தெரு வேண்டாம், அந்தத் தெரு பரவாயில்லை என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊரை என் உள்ளங்கையில் வைத்திருப்பதாக நினைப்பு.

எங்கள் சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் அவரைத் தள்ள என்னால் முடியாது. யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டார். கான்ஸ்டபிள் வீட்டுப் பெண்ணுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது தானே அரியலூருக்குப் போய் மருந்து வாங்கி வந்தவர். கைதியைக்கூட அடித்துப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தமாட்டார். புகார் சொல்ல யாராவது வந்தால் பெஞ்சில் உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, மிகவும் மெல்ல ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இதை எழுதணுமா?"

எழுதினால் என்னென்ன ஆகும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வார். கோர்ட்டுக்கு எத்தனை தடவை நடக்க வேண்டும், வக்கீல் என்னென்ன கேட்பார், சாட்சிக்கு யார் வருவார்கள், எதிராளி நாளைக்கு என்ன செய்வான். எல்லாம் உண்மைதான். ஒன்றும் பொய் இல்லை. "எழுதணும்னா எழுதறேன். நீங்க சொல்லுங்க" என்று முடிப்பார். பாதிப் பேர் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர் ஊருக்கு நல்லது செய்கிறார், வம்பு வளராமல் பார்த்துக்கொள்கிறார் என்றே நான் நினைத்தேன். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்களும், குற்றம் குறைந்த ஸ்டேஷன் என்று குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் முற்பகலில் அஞ்சலை வந்தாள். ஊரின் மேற்கே மேலத்தெரு. பத்துப் பதினைந்து பெரிய ஓட்டு வீடுகள். அதில் பெரிய வீடு என்று எல்லாரும் சொல்லும் மிராசுதார் வீட்டில் மாட்டுக் கொட்டகை கூட்டுகிறவள் அவள். வண்டிப்பேட்டையில் குடியிருந்தாள். புருஷன் மாரிமுத்து வண்டிக்காரன், அரியலூர் ரயிலடிக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகிறவன். அவள் படியேறவில்லை. கீழேயே நின்றாள். ஒரு கையில் வளையல் ஒன்றுகூட இல்லை, மணிக்கட்டெல்லாம் கண்ணாடி கீறிய ரத்தம். தோளில் கிழிந்த சேலையை முடிச்சுப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தாள்.

"சின்னவருங்க" என்றாள். மிராசுதாரின் தம்பியை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "வைக்கப்போருக்குப் பின்னால இழுத்தாருங்க. கையக் கடிச்சுட்டு ஓடியாந்துட்டேன்."

நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தார்.

"இதை எழுதணுமாம்மா?"

வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார். மாரிமுத்து சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தைக்கூட இல்லை, என் கையைப் பார்த்தாள். நான் பேனா முள்ளைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தேன். அவள் போய்விட்டாள். அன்றைய டைரியில் அந்த நேரத்துக்கு நேராக 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதினேன். என் மணியான கையெழுத்தில்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், பாக்கியம் டீச்சர் வந்தார். பெண்கள் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக மாற்றலாகி, கும்பகோணம் பக்கத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்திருந்தார். பஸ் புகை சேலையெல்லாம் படிந்திருந்தது. முப்பது வயது இருக்கும். கூட நாலு வயதுப் பெண் குழந்தை. புருஷன் பட்டாளத்தில் குமாஸ்தா. பர்மாப் பக்கம் போனவரிடமிருந்து பல மாதமாகக் கடிதம் இல்லை.

"எனக்கு ரெண்டு வீடு காட்டியிருக்காங்க" என்றார். "வண்டிப்பேட்டையில ஜைனம்பு பீவின்னு ஒரு அம்மா வீடு. மேலத்தெருவில பெரிய வீட்டோட பின்கட்டு. நான் ஊருக்குப் புதுசு. அவரும் கூட இல்ல. எது பத்திரம்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

நான் பதிவேட்டை எடுத்து, அவர் பக்கம் திருப்பியே வைத்தேன். வண்டிப்பேட்டைக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. கள்ளுக்கடையில் மண்டை உடைந்தது, அண்டா திருட்டு, கிணற்றடிச் சண்டை, பெண்டாட்டியை அடித்தவனைத் தெருவே சேர்ந்து அடித்தது. மேலத்தெருவுக்கு நேரே வெள்ளைத்தாள்.

"பாத்தீங்களா டீச்சர்? மேலத்தெருவில ஒரு வரி கிடையாது" என்றேன்.

டீச்சர் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எழுத்துல இருந்தா சரிதான்" என்றார்.

அப்போது அஞ்சலையின் ஞாபகம் எனக்கு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. வராமல் இல்லை. அவள் கொட்டகை கூட்டுகிறவள், இவர் படித்தவர், உத்தியோகத்தில் இருப்பவர், இவரிடம் அவன் வாலாட்டமாட்டான் என்று கணக்குப் போட்டேன். இப்படி எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது இதுதான். டீச்சர் மேலத்தெருவுக்குக் குடிபோனார்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அறிந்ததைச் சொல்கிறேன். முதலில் சின்னவர், பட்டாளத்திலிருந்து தபால் வந்ததா என்று விசாரிக்க வந்தார். பிறகு தினமும் வந்தார். டீச்சர் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தில் கிணற்றடிக்குப் போகும் வழியில் நின்றார். டீச்சர் மிராசுதாரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள், "கதவைச் சாத்தி வச்சுக்கம்மா" என்றதோடு சரி.

ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வழக்குக்காக அரியலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். உச்சி வெயில். டீச்சர் ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படியேறி வந்தார். காலில் செருப்பு இல்லை. ரவிக்கையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. குழந்தை அழவில்லை, அம்மாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். முதலில் குழந்தைக்குக் கொடுத்தார்.

"உள்ள வந்து தாப்பாளைப் போட்டான்" என்றார். "அம்மிக் குழவிய எடுத்து அவன் தோள்ல போட்டேன். தாப்பாளைத் திறந்துகிட்டுத் தெருவுக்கு ஓடியாந்து கத்தினேன். ஏட்டையா, தெருவில எல்லாரும் இருந்தாங்க. வாசல்ல உக்காந்து புளி தட்டிக்கிட்டிருந்தாங்க. நான் கத்த கத்த ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்தத் தெரு முழுக்க நடந்து வந்தேன். ஒரு கதவு திறக்கல."

இதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். நான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு, பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பழக்கத்தில், என் வாயிலிருந்தே அது வந்தது.

"இதை எழுதணுமா டீச்சர்?"

அவர் என்னைப் பார்த்தார். "எழுதத்தானே வந்திருக்கேன்? அந்தத் தெருவைக் காட்டினது நீங்கதானே?"

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தால் ஸ்டேஷனில் இருக்கும் ஏட்டுதான் பொறுப்பதிகாரி. அவருக்குள்ள அதிகாரம் எனக்கும் உண்டு என்பது சட்டம். அதுவரை அதை நான் ஒரு தடவைகூட உபயோகித்ததில்லை. முதல் தகவல் புத்தகத்தை எடுத்துக் கார்பன் வைத்தேன். பெண்ணை மானபங்கம் செய்ததற்கான 354-ஆவது பிரிவு, அத்துமீறி வீட்டுக்குள் புகுந்த பிரிவு இரண்டையும் போட்டு எழுதினேன். அவசரத்தில் 'அத்துமீரி' என்று எழுதிவிட்டேன். படித்துக் காட்டச் சொல்லாமல் வாங்கித் தானே படித்தார் டீச்சர். "பெரிய 'றி' போடுங்க" என்றார். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டார். டைரியிலும் மணியைக் குறித்து ஏற்றினேன். மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டிய பிரதியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து, அப்போதே சைக்கிளில் அரியலூருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமைவரை வைத்திருந்தால் எனக்கே தைரியம் போய்விடும் என்று பயமாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சாயங்காலம் திரும்பி வந்தார். புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாமேய்யா" என்றார், அதே மெல்லிய குரலில்.

"இருந்திருக்கலாம் சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க அந்த அம்மாவைக் கேட்டிருப்பீங்க சார்."

"என்னன்னு?"

"எழுதணுமான்னு."

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "நான் யாரையும் எழுதாதேன்னு சொன்னதில்லை" என்றார். அதுவும் உண்மைதான். ஒரு நாளும் சொன்னதில்லை.

டீச்சர் அன்றைக்கே வண்டிப்பேட்டைக்குப் போய்விட்டார். சாமானை மாரிமுத்துதான் வண்டியில் ஏற்றி வந்தான். ஜைனம்பு பீவி லெப்பைக்குடிக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். புருஷன் இறந்த பிறகு கயிற்றுக்கடையைத் தானே நடத்துகிறவர். வாசலுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாராம். "பயப்படாதீங்கம்மா. அல்லா இருக்கான், நாங்களும் இருக்கோம். இங்க ஒரு சத்தம் கேட்டா போதும், பேட்டையே வந்து நிக்கும்" என்றாராம்.

பதிவேட்டில் வண்டிப்பேட்டை ஏன் பக்கம் பக்கமாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே ஒருத்தி கத்தினால் நாலு பேர் வருவார்கள். வந்தவர்கள் சண்டை போடுவார்கள். சண்டை ஸ்டேஷனுக்கு வரும். ஸ்டேஷனுக்கு வந்தது பதிவேட்டில் ஏறும். மேலத்தெருவில் கத்தினால் கதவு சாத்திக்கொள்ளும். பல வருஷம் கழித்து நான் குடும்பத்தோடு பெரம்பலூரில் வீடு தேடியபோது எந்த ஸ்டேஷனிலும் போய் விசாரிக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்களிடம், "இங்க ஒரு ஆபத்துன்னு கத்தினா யாரும்மா வருவா?" என்று கேட்டேன். ஒரு தெருவில் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு தெருவில் மூன்று பேர் ஒரே சமயத்தில் மூன்று பேரின் பெயரைச் சொன்னார்கள். இரண்டாவது தெருவில் வீடு பிடித்தேன்.

வழக்கு அரியலூரில் விசாரணைக்கு வந்தது. மேலத்தெருவிலிருந்து ஒரு சாட்சிகூட வரவில்லை. எல்லாருமே அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் கூண்டில் ஏறி ஒரு மணி நேரம் நின்றார். வக்கீல் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். டீச்சர் எதற்கும் குரல் மாறாமல் பதில் சொன்னார். பிறகு முதல் தகவலை எழுதியவன் என்ற முறையில் என்னை ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டேஷன் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை என் கையில் கொடுத்தார்.

"மேலத்தெருவுக்கு நேரே என்ன எழுதியிருக்கு, ஏட்டு?"

"ஒண்ணுமில்லைங்க."

"என் கட்சிக்காரர் பேர்ல இதுக்கு முன்னால ஒரு புகாராவது இதுல இருக்கா?"

"இல்லைங்க."

"இப்படிப்பட்ட தெரு, இப்படிப்பட்ட குடும்பம்" என்று மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அவர் உட்காரப் போனார். என் கையெழுத்தை வைத்தே அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அதன் வழுவழுப்புகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இதுல இல்லைங்க. ஆனா ஸ்டேஷனுக்கு வந்தது ஒண்ணு இருக்கு" என்றேன்.

வக்கீல் வேண்டாம் என்றார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு என்னைச் சொல்லச் சொன்னார். அஞ்சலை வந்ததைச் சொன்னேன். ஏன் பதிவாகவில்லை என்று கேட்டார். "நான் எழுதலைங்க" என்றேன். யாராவது தடுத்தார்களா என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் தடுத்தார் என்று சொன்னால் அது பொய். தடுக்கவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. "பேனா என் கையிலதாங்க இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் பெண் எங்கே?"

"வெளியிலதாங்க. டீச்சரோட குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். பேட்டையிலிருந்து டீச்சருக்குத் துணையாக வந்தவள், இதை எதிர்பார்த்து வரவில்லை. வந்தவள் கூண்டில் ஏறி, மாடு கட்டும் முளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அப்போதே ஏன் புகார் கொடுக்கவில்லை என்று வக்கீல் அதட்டினார்.

"குடுத்தேனுங்க. வாயால குடுத்தேன். அந்த ஐயாதான் பேனாவத் தொடச்சு வச்சுட்டாரு."

கோர்ட்டு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் அவளைப் பார்க்கவில்லை.

சின்னவருக்குக் கடுங்காவல் கிடைத்தது. அப்பீலில் அதை அபராதமாகக் குறைத்துக்கொண்டார்கள். சில வாரத்தில் அவர் திரும்பவும் மேலத்தெருவில் வெள்ளை வேட்டியோடு நடந்தார். ஆனால் அந்தப் பின்கட்டுக்கு அதற்குப் பிறகு யாரும் குடிபோகவில்லை. டீச்சர் வண்டிப்பேட்டையிலேயே இருந்தார். யுத்தம் முடிந்து புருஷன் ஒரு கால் நொண்டிக்கொண்டு வந்து இறங்கியதும் அந்த வீட்டில்தான்.

என்மேல் விசாரணை வைத்தார்கள். வந்த புகாரை எழுதாத குற்றத்துக்கு. நியாயமான குற்றச்சாட்டு. நான் மறுக்கவில்லை. ஏட்டுப் பட்டையை எடுத்துவிட்டு, பழையபடி கான்ஸ்டபிளாக வேறு ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவிதான் பட்டையைச் சட்டையிலிருந்து பிரித்தெடுத்தாள். ஒரு தையலையும் அறுக்காமல், ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த உத்தரவு மறுநாளிலிருந்து அமலுக்கு வரும் என்று இருந்தது. கடைசி நாள் காலையில் புத்தகங்களை ஒப்படைக்க அடுக்கிக்கொண்டிருந்தேன். அஞ்சலை வந்தாள். கூட டீச்சரும் வந்தார். இந்தத் தடவை படியேறி வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"எழுதுங்க ஏட்டையா" என்றாள்.

"அஞ்சலை, ஒரு வருஷத்துக்கு மேல ஆயிட்டுது. கேஸு நிக்காது."

"நிக்க வேணாங்க. எழுதினாப் போதும். கோர்ட்டுல நான் சொன்னத எம் மாமன் நம்பலீங்க. 'ஸ்டேஷன்ல எழுதாத சங்கதி பொய்யி, அந்த டீச்சருக்காவச் சொன்ன'ங்குறாரு. அன்னிலேருந்து எங்கையால கஞ்சி வாங்கிக் குடிக்கல. வண்டில ஏத்த மாட்டேங்குறாரு. அந்தா நிக்கிறாரு பாருங்க."

வெளியே புளியமரத்தடியில் மாரிமுத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளறையில் இருந்தார். எழுந்து வரவில்லை. நான் முதல் தகவல் புத்தகத்தைத் திறந்தேன். பெயர், புருஷன் பெயர், நடந்த இடம், நடந்த நாள், எதிரியின் பெயர். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். வைக்கோல் போர், வளையல் உடைந்தது, கடித்தது, ஓடி வந்தது. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம். எல்லாரும் அதில் 'தூரம்' என்றோ 'உடல் நலமின்மை' என்றோ எழுதுவது வழக்கம். அங்கே வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதினேன்.

டீச்சரிடம் புத்தகத்தைத் திருப்பினேன். மாரிமுத்துவை உள்ளே கூப்பிட்டோம். அவன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் நிலையோரமாக நின்றான். டீச்சர் வகுப்பில் படிப்பதுபோலச் சத்தமாகப் படித்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். படித்து முடித்ததும் தலையைத் தூக்கினான்.

"அந்தக் கடசி வரிய இன்னொருக்கா படிங்க டீச்சர்."

"'தாமதத்துக்குக் காரணம்: இவர் அன்றைக்கே வந்து சொன்னார். ஸ்டேஷன் ஏட்டாகிய நான் எழுதவில்லை.'"

மாரிமுத்து என்னைப் பார்த்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அஞ்சலை மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். ரேகை ஒரு கோடு விடாமல் பதிந்தது. விரலைச் சேலை முனையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கி, வழக்கம்போல ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினாள்.

மாரிமுத்து மாட்டைப் பூட்டி, வண்டியை அவளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"வெயிலு ஏறுது. வண்டில ஏறு அஞ்சல" என்றான்.

அவள் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு சக்கரத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். அவன் ஏறவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டிப்பேட்டை வரைக்கும் மாட்டுக்குப் பக்கத்திலேயே நடந்து போனான்.